ஆளில்லா வானூர்தியும் மூன்று தலைமுறையும்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே பரந்து கிடப்பது இராதாபுரம் வட்டாரம். செம்மண் நிலமும், பனங்காடும், வானம் பார்த்த புன்செயும் மிகுந்த இப்பகுதிக்குப் பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய் வழியே வந்து ஓரளவு வளம் சேர்க்கின்றது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று எண்ணற்ற காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. மேற்கே மகேந்திரகிரி மலைச்சாரலில் விண்கலங்களுக்கு வேண்டிய பொறிகள் சோதிக்கப்படுகின்றன. தெற்கே கூடங்குளத்தில், ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் ஆற்றலுடைய அணு உலைகள் மின்சாரம் ஆக்குகின்றன. அவற்றிற்கு அருகிலேயே இடிந்தகரை, கூத்தங்குழி, கூட்டப்புளி முதலிய கடற்கரையூர்களில் மீனவர் தம் முன்னோரைப் போலவே கடலை நம்பி வாழ்கின்றனர். பழமையும் புதுமையும் இத்துணை நெருங்கி நிற்கும் இடங்கள் தமிழ்நாட்டில் சிலவே.

இவ்வாறு பல புதுமைகளைக் கண்ட மக்களின் தலைக்கு மேல் இன்று மற்றொரு புதுமை பறக்கத் தொடங்கியுள்ளது. அதுவே ஆளில்லா வானூர்தி. மக்கள் இதனை டிரோன் என்று அழைக்கின்றனர். திருமண வீட்டிலும் தேர்த்திருவிழாவிலும் படம் பிடிக்க அது வருகின்றது. வயலில் மருந்து தெளிக்க வருகின்றது. நில அளவைக்கும் காவலுக்கும் வருகின்றது. அதனைக் கண்டு சிறுவர் துள்ளி ஓடுகின்றனர். நடுவயதினர் அதன் விலையையும் வாடகையையும் வினவுகின்றனர். முதியோர் நெற்றியைச் சுருக்கி அண்ணாந்து பார்க்கின்றனர். ஒரே பொருளை மூன்று தலைமுறையினர் மூவேறு கண்கொண்டு நோக்குவது ஏன்? இவ்வேறுபாடு வயதினால் மட்டும் வருவதா, அன்றி வேறு காரணமும் உண்டா? இதனை ஆராய்வது பயனுடையதாகும்.

ஊர்தியின் இயல்பு

முதலில் இவ்வூர்தியின் இயல்பை அறிந்துகொள்வோம். பெரும்பாலும் நான்கு சுழலிகள் இதற்கு உண்டு. பெரியவற்றில் ஆறும் எட்டும் உண்டு. நான்கு சுழலிகளும் ஒரே திசையில் சுழன்றால் ஊர்தியின் உடல் எதிர்த் திசையில் சுழலத் தொடங்கிவிடும். ஆதலின் இரண்டு சுழலிகள் வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழலுமாறு அமைத்துள்ளனர். நான்கும் விரைந்து சுழன்றால் ஊர்தி மேலெழும். வேகம் குறைந்தால் கீழிறங்கும். பின்னுள்ள இரண்டும் மிக விரைந்து சுழன்றால் முன்புறம் சாய்ந்து முன்னோக்கிச் செல்லும். சுக்கானும் இல்லை, அசையும் சிறகும் இல்லை. சுழலிகளின் வேகத்தை மாற்றுவதொன்றாலேயே அது எத்திசையிலும் செல்கின்றது.

அதனை இயக்குபவர் தரையில் நின்று, கையிலுள்ள கருவியின் வாயிலாக வானொலி அலைகளால் ஆணையிடுகின்றார். செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிகளைக்கொண்டு ஊர்தி தான் இருக்கும் இடத்தைத் தானே உணர்கின்றது. காற்று அலைத்தாலும் நின்ற இடத்திலேயே நிற்க முயல்கின்றது. அதன் வலிமை மின்கலத்தில் உள்ளது. மின்கலமே அதன் குறையுமாகும். சிறிய ஊர்திகள் பல ஏறத்தாழ அரைமணி நேரத்திற்கு மேல் வானில் நிற்க இயலா. பெருஞ்சுமை தாங்கும் வேளாண் ஊர்திகளோ அதனினும் விரைவில் இறங்கிவிடும்.

இத்தகைய எளிய அமைப்பினாலேயே இஃது இளைஞர் கைக்கும் எட்டியது. ஆகாய விமானத்தை வானத்தில் கண்டு வியந்தவர் பலர். அதனை இயக்கியவர் மிகச் சிலர். ஆளில்லா வானூர்தியோ சந்தையில் வாங்கத்தக்க பொருளாகிவிட்டது. அதனால் வந்த நன்மையும் பெரிது, தொல்லையும் பெரிது.

இளையோர் வியப்பு

இளையோருக்கு இவ்வூர்தி முதலில் ஒரு வியப்பு. தாம் நாள்தோறும் நடக்கும் தெருவையும், நீந்தி விளையாடும் குளத்தையும், கோயில் கோபுரத்தையும் பறவையின் கண்கொண்டு பார்க்கும் வாய்ப்பை அது தருகின்றது. தம் ஊர் இத்துணை அழகியது என்பதைச் சிலர் அப்போதுதான் அறிகின்றனர். பிறந்தது முதல் கைப்பேசியின் திரையைக் கண்டு வளர்ந்தவர்கட்குத் திரையைப் பார்த்து ஊர்தியை ஓட்டுவது கடினமாகத் தோன்றுவதில்லை.

வியப்பு கல்வியாக மாறுதலும் உண்டு. சென்னை குரோம்பேட்டையில் 1949 ஆம் ஆண்டு தோன்றிய தொழில்நுட்பக் கல்லூரியில் அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்றார் என்பதை நீங்கள் அறிவீர்கள். இன்று அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அதே வளாகத்தில் மாணவர் குழுவினர் 'தக்சா' என்னும் பெயரால் ஆளில்லா வானூர்திகளை வடிவமைத்துப் பெயர்பெற்றனர். தமிழ்நாட்டு அரசும் 2022 ஆம் ஆண்டு இத்துறைக்கெனத் தனிக் கழகம் ஒன்றை நிறுவியது. ஒரு காலத்தில் விளையாட்டுப் பொருள்போல் தோன்றியது, இன்று பொறியியலும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியனாகிவிட்டது.

ஆயினும் வியப்பில் ஒரு குறையும் உண்டு. 'இஃது எவ்வாறு பறக்கின்றது?' என்று கேட்கும் இளைஞன், 'இது பறப்பதால் கீழே உள்ளவர்க்கு என்ன நேரும்?' என்று பெரும்பாலும் கேட்பதில்லை. தன் கையில் இருக்கும் பொருள் தனக்கு அச்சம் தருவதில்லை. பிறர் கையில் இருக்கும்போதுதான் அச்சம் பிறக்கின்றது. இவ்வுண்மையைப் பின்னர்க் காண்போம்.

உழைப்போர் கணக்கு

நடுவயதினர் குடும்பப் பொறுப்பைச் சுமப்பவர். அவர்கள் எப்புதுமையையும் வருவாயும் செலவும் கொண்டே அளப்பர். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இருபோகம் நெல் விளைவிக்கும் உழவரும், வாழை பயிரிடுவோரும், இராதாபுரத்துப் புன்செய் உழவரும் ஒருங்கே எதிர்நோக்கும் இடர் ஆட்பற்றாக்குறையாகும். பூச்சி கண்ட பயிருக்கு உரிய நாளில் மருந்து தெளிக்காவிடில் விளைவு குன்றும். அந்நாளில் ஆள் கிடைப்பதோ அரிது.

முதுகில் தெளிப்பானைச் சுமந்து ஒருவர் ஓர் ஏக்கர் முழுதும் நடந்து மருந்து தெளிப்பதற்குப் பல மணி நேரம் வேண்டும். ஏறத்தாழ பத்து லிட்டர் நீர்மம் சுமக்கும் வானூர்தி அவ்வேலையைப் பத்து நிமிட அளவில் முடித்துவிடும். நேரம் மட்டுமன்று, உயிரும் இங்கே கணக்கில் வருகின்றது. 2017 ஆம் ஆண்டு மராட்டிய மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில், பருத்திச் செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளித்தபோது அதன் நச்சு உடலிற் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட உழவரும் கூலியாளரும் மாண்டனர். தெளிப்பவர் நச்சுப் புகையினின்று விலகித் தொலைவில் நிற்க இயலுமாயின், அத்தகைய கொடுமை குறையும் அன்றோ?

இதன் மறுபக்கத்தையும் நாம் மறத்தல் ஆகாது. மருந்து தெளித்துக் கூலி பெறும் தொழிலாளிக்கு வானூர்தி நண்பனா, பகைவனா? நச்சினின்று அவரைக் காப்பதும் அதுவே. அவரது நாட்கூலியைப் பறிப்பதும் அதுவே. இவ்விரண்டையும் நேர்மையாக எடுத்துரைக்காமல், 'புதுமையை ஏற்க மறுக்கின்றார்' என்று அவரைப் பழிப்பது முறையன்று. அவர் மறுப்பது பொறியை அன்று; தமக்கு வேலை இல்லாத நாளையே அவர் மறுக்கின்றார். அவருக்கே அவ்வூர்தியை இயக்கக் கற்பித்து, அதன் வருவாயில் பங்கு கிடைக்கச் செய்தால் அவரது நோக்கு மாறிவிடும்.

இக்கருத்தையொட்டி எழுந்த ஒரு முயற்சியைக் குறிப்பிடலாம். 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள், மகளிர் தன்னுதவிக் குழுக்கள் பதினையாயிரத்துக்கு வேளாண் வானூர்தி வழங்கும் திட்டத்தை இந்திய அரசு அறிவித்தது. அது 'நமோ டிரோன் தீதி' எனப் பெயர் பெற்றது. இதுகாறும் களை பறித்தலும் நாற்று நடுதலுமே பெண்டிர் தொழில் என்று எண்ணியிருந்த சிற்றூரில், ஒரு பெண் கருவியைக் கையிலேந்தி வயலின் மேல் வானூர்தியை இயக்குவாளாயின், அவ்வூரார் அப்பொறியை அயலானாகக் கருதார். தம் வீட்டுப் பெண்ணின் தொழிற்கருவியாகவே கருதுவர்.

முதியோர் வினா

முதியோர் புதுமைக்குப் பகைவர் என்று பலர் எண்ணுகின்றனர். இராதாபுரம் வட்டாரத்து முதியோரைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பெரும்பிழையாகும். இன்று எழுபது வயதைக் கடந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். பனை ஓலை வேய்ந்த வீடுகளையும் மாட்டு வண்டிகளையும் கண்டு வளர்ந்தவர் அவர். 1981 ஆம் ஆண்டு திருநெல்வேலியிலிருந்து வள்ளியூர் வழியாக நாகர்கோவிலுக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியதை அவர் கண்டார். 1986 ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கருகில் முதற் காற்றாலைகள் நடப்பட்டன. பின்னர் அவை தம் ஊர்ப் புன்செய்களிலும் எழுவதை அவர் கண்டார். 1988 ஆம் ஆண்டு இந்தியாவும் சோவியத்து நாடும் செய்துகொண்ட உடன்பாடு, 2013 ஆம் ஆண்டு கூடங்குளத்தில் மின்சாரமாகப் பிறந்ததையும் கண்டார். வெளிநாட்டிலுள்ள பேரனோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசவும் கற்றுக்கொண்டார். புதுமைகளை ஏற்ற கணக்கைப் பார்த்தால் இளைஞரைவிட முதியவரே முன்னிற்பார்.

அவ்வாறாயின் அவர் வானூர்தியைக் கண்டு நெற்றி சுருக்குவது ஏன்? ஒவ்வொரு புதுமை வந்தபோதும் அதனைப் புகழ்ந்த சொற்களையும் அவர் கேட்டிருக்கின்றார். அது வந்த பின் நேர்ந்தவற்றையும் பார்த்திருக்கின்றார். ஆதலின் 'இது யாருக்காக வருகின்றது? இதனை அனுப்பியவர் யார்? தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது?' என்று கேட்கின்றார். இக்கேள்விகள் அச்சத்தில் பிறந்தன அல்ல; பட்டறிவில் பிறந்தவை.

கடற்கரையூர்களின் நினைவு இதற்கு ஒரு சான்று. அணுமின் நிலையத்தை எதிர்த்து 2011 ஆம் ஆண்டு முதல் இடிந்தகரையில் நெடும் போராட்டம் நிகழ்ந்தது. 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மக்கள் கடல்நீரில் இறங்கி நின்று போராடியபோது, கடலோரக் காவற்படையின் விமானம் அவர்கள் தலைக்கு மேல் தாழப் பறந்தது. அப்போராட்டத்தைப் பற்றி மக்களிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. அவற்றை ஆராய்வது இப்பாடத்தின் நோக்கமன்று. ஆனால் அன்று நீரில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கட்கு, வானில் பறக்கும் பொருள் வெறும் பொறியாகத் தோன்றாது. தம்மை நோக்கும் ஒரு கண்ணாகவே தோன்றும். அன்று பிறவாத பிள்ளைக்கு அந்நினைவு இல்லை. ஆதலின் பாட்டியும் பேரனும் ஒரே வானூர்தியைப் பார்த்தாலும், அவர்கள் காண்பது ஒன்றன்று.

முதியோர் கூறும் மற்றொரு குறை இல்லத்தின் மறைவு பற்றியது. நம் சிற்றூர்களில் முற்றமும் கொல்லையும் வீட்டின் பகுதிகளே. குளத்தங்கரையிலும் வாய்க்காற்கரையிலும் பெண்டிர் நீராடுவர். முதியோர் வெயில் தாழ்ந்தபின் முற்றத்தில் கட்டிலிட்டு உறங்குவர். நம் முன்னோர் எழுப்பிய மதில்களெல்லாம் தெருவில் செல்வோர் கண்ணைத் தடுப்பதற்கே எழுந்தன. மேலிருந்து நோக்கும் கண்ணைத் தடுக்க எழுந்தவை அல்ல. வானூர்தி எவ்வுயர்ந்த மதிலையும் பயனற்றதாக்கிவிடுகின்றது. ஒருவரது தனிமை அவரது அடிப்படை உரிமை என்று 2017 ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் படித்தறியாத மூதாட்டியும், 'என் முற்றத்தை எட்டிப் பார்க்க உனக்கு என்ன உரிமை?' என்று கேட்கும்போது அதே உண்மையைத்தான் உரைக்கின்றாள்.

வயதா, பயனா?

இனி நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு வருவோம். இளையோர் ஏற்பர், முதியோர் மறுப்பர் என்று முடிவு கட்டிவிடலாமா? 2020 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று அம்முடிவைத் தடுக்கின்றது. அவ்வாண்டு கொரோனா நோய் பரவியதால் நாடெங்கும் ஊரடங்கு நிலவியது. ஏப்பிரல் மாதத்தில் திருப்பூர்க் காவல்துறையினர் ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிட்டுக் கூட்டங்களைக் கண்காணித்தனர். மரநிழலில் கூடிக் கேரம் ஆடிக்கொண்டிருந்த இளைஞர் சிலர் அதனைக் கண்டதும் நாலாபக்கமும் ஓடினர். கேரம் பலகையையே தலைக்கு மேல் பிடித்துத் தம்மை மறைத்துக்கொள்ள முயன்றனர். அக்காட்சியைத் திரையில் கண்டு நாடே நகைத்தது. ஆனால் அதனுள் ஒரு பாடம் உண்டு. அன்று அஞ்சி ஓடியவர் முதியோர் அல்லர். வானூர்தியை மிக விரும்பும் இளைஞரே ஆவர். வானூர்தி தம் கையில் இருந்தபோது வியப்பாக இருந்தது. காவலர் கையில் இருந்து தம்மை நோக்கியபோது அச்சமாக மாறியது.

இதற்கு மாறான காட்சி ஒன்றையும் பாருங்கள். மணிப்பூர் மாநிலத்தில் லோக்தக் என்னும் பெரிய ஏரி உளது. அதிலுள்ள காராங் தீவுக்கு விஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து சாலை வழி 26 கிலோமீட்டர். 2021 ஆம் ஆண்டு அக்டோபர் 4 ஆம் நாள், வான்வழியே 15 கிலோமீட்டர் பறந்து, கால்மணி நேரத்திற்குள் நோய்த்தடுப்பு மருந்தை ஆளில்லா வானூர்தி ஒன்று அங்கே கொண்டு சேர்த்தது. ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா நாட்டில் 2016 ஆம் ஆண்டு முதலே மலைப்பகுதி மருத்துவமனைகளுக்குக் குருதியை வானூர்திகள் சுமந்து செல்கின்றன. மகப்பேற்றில் குருதி இழந்து தவிக்கும் ஒரு தாயின் அருகில் நிற்பவர், அங்கு வந்திறங்கும் பொறியைக் கண்டு அஞ்சுவரோ? எவ்வயதினராயினும் கைகூப்பி வரவேற்பர்.

பிற நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றன. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2017 ஆம் ஆண்டு மக்களிடம் வினவியது. தம் இருப்பிடத்துக்கருகில் வானூர்தி பறந்தால் அறியும் ஆவல் உண்டாகும் என்றவர் நூற்றுக்கு 58 பேர். மனக்கலக்கம் உண்டாகும் என்றவர் 26 பேர். ஆயினும் வீடுகளுக்கு அருகில் அதனைப் பறக்கவிடுதல் கூடாது என்றவர் 54 பேர். ஆவல் கொண்டவரிலும் பலர் தம் வீட்டுக்கு அருகில் அதனை விரும்பவில்லை என்பது இதனால் விளங்கும். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனம் 2021 ஆம் ஆண்டு ஆறு நகர்ப்பகுதிகளில் நடத்திய ஆய்வில், நகரின் மேல் இத்தகைய ஊர்திகள் இயங்குவதை முதலில் நல்லெண்ணத்தோடு நோக்கியவர் நூற்றுக்கு 83 பேர். மருத்துவ உதவிக்கும் உயிர்காப்புக்கும் அவை வருவதையே மக்கள் மிக வரவேற்றனர். பாதுகாப்புக் குறைவையும் இரைச்சலையும் எண்ணிக் கவலைப்பட்டனர்.

இரைச்சல் சிறு குறையன்று. ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பெராவின் பொனைத்தன் என்னும் புறநகரில் 2018 ஆம் ஆண்டு, உணவும் சிறு பொருள்களும் வீட்டு வாயிலுக்கு வானூர்தி வழியே வந்தன. வசதி பெரிது, ஆயினும் நாள்தோறும் தலைக்கு மேல் எழுந்த ஓசையைப் பொறாத மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். சட்டமன்றமும் அதனை விசாரித்தது. அந்நிறுவனம் ஓசை குறைந்த ஊர்தியை வடிவமைக்க வேண்டியதாயிற்று. மக்கள் மறுப்பினால் பொறியே திருந்தியது. ஆதலின் மறுப்புரை எல்லாம் முன்னேற்றத்துக்குத் தடை என்று கருதுதல் தவறு.

இவற்றையெல்லாம் ஒப்புநோக்கின் ஓருண்மை புலப்படும். மக்கள் ஏற்பதும் மறுப்பதும் வானூர்தியை அன்று. அது வந்த நோக்கத்தையும், அதனை ஏந்திய கையையும், தம்மைக் கேட்டு வந்ததா, கேளாமல் வந்ததா என்பதையுமே. வயது இவ்வேறுபாட்டைத் தோற்றுவிப்பதில்லை. ஒவ்வொருவரும் கண்ட வாழ்க்கையின் அளவைக் காட்டுகின்றது. அவ்வளவே.

சட்டமும் வரம்பும்

கட்டுப்பாடற்ற வானூர்தியால் விளையும் தீங்கை உலகம் கண்டுள்ளது. 2018 ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் இலண்டனை அடுத்த கேட்விக் விமான நிலையத்தருகே வானூர்தி காணப்பட்டதாக வந்த செய்தியால் ஏறத்தாழ ஆயிரம் விமானப் பயணங்கள் தடைப்பட்டன. 2021 ஆம் ஆண்டு சூன் 27 ஆம் நாள், சம்முவிலுள்ள இந்திய விமானப்படைத் தளத்தின் மேல் ஆளில்லா வானூர்திகள் வெடிகுண்டு வீசின. மருந்து சுமக்கும் பொறியே குண்டும் சுமக்கவல்லது என்பதை மறத்தல் ஆகாது.

இந்தியாவில் 2014 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தனியார் வானூர்தி பறக்கவிடுவதைத் தடை செய்தது. பின்னர்ப் படிப்படியாகத் தடை தளர்ந்து, 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 ஆம் நாள் புதிய விதிகள் வெளிவந்தன. அவை ஊர்திகளை எடைக்கேற்ப ஐவகையாகப் பிரித்தன: 250 கிராமுக்கு மேற்படாத மிகச் சிறியவை முதல் 150 கிலோகிராமுக்கு மேற்பட்ட மிகப் பெரியவை வரை அவை அமைந்தன. வான்வெளியையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாக வகுத்தன. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை தனி இசைவின்றிப் பறக்கவிடலாம். மஞ்சள் பகுதிக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டினரின் இசைவு வேண்டும். சிவப்புப் பகுதிக்கு நடுவண் அரசின் இசைவு வேண்டும்.

இராதாபுரம் வட்டாரத்து மாணவர் இதனைத் தனியே கருத்தில் கொள்ள வேண்டும். அணுமின் நிலையமும் விண்வெளி ஆய்வு வளாகமும் போன்ற காவல்மிக்க இடங்கள் அருகில் அமைந்திருப்பதால், பிற ஊர்களில் குற்றமாகாத செயல் இங்கே பெருங்குற்றமாகலாம். ஊர்தியை எழுப்புமுன் அரசு வெளியிட்டுள்ள வான்வெளி வரைபடத்தைப் பார்த்தறிதல் கடமையாகும். தொழிலாக இயக்க விரும்புவோர் பத்தாம் வகுப்பில் தேறியவராகவும், 18 வயதுக்குக் குறையாது 65 வயதுக்கு மேற்படாதவராகவும் இருந்து, பயிற்சி பெற்றுச் சான்றிதழ் அடைதல் வேண்டும் என்று அவ்விதிகள் வகுத்தன.

வேளாண் பணிக்கும் வரம்புகள் உண்டு. வானிலிருந்து விழும் மருந்துத்துளி காற்றில் மிதந்து அடுத்த வயலையும், ஊருணியையும், தேனீக்கூட்டையும் அடையக்கூடும். காற்று மிகுந்த இராதாபுரத்தில் இவ்விடர் பெரிது. ஆதலின் காற்றின் வேகம் அடங்கிய நேரம் பார்த்து, பயிரை ஒட்டித் தாழப் பறந்து, அக்கம்பக்கத்தாருக்கு முன்னறிவிப்புச் செய்து தெளித்தல் இன்றியமையாதது. 2021 ஆம் ஆண்டு திசம்பரில் நடுவண் வேளாண் அமைச்சகம் இதற்கான நடைமுறைகளை வெளியிட்டது.

வான்வெளியில் நல்லொழுக்கம்

சட்டம் தீமையைத் தடுக்கும். நல்லிணக்கத்தை அதனால் தோற்றுவிக்க இயலாது. அது மக்களிடமிருந்தே தோன்றுதல் வேண்டும். அதற்கு வழிகாட்டும் ஊர் ஒன்று இராதாபுரத்துக்கு அண்மையிலேயே உளது. நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளத்திற்கு ஆண்டுதோறும் தொலைநாடுகளிலிருந்தும் நீர்ப்பறவைகள் வருகின்றன. வீட்டு மரங்களில் அவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பறவைகள் அஞ்சிப் பறந்துவிடுமே என்று எண்ணி, அவ்வூரார் தீபாவளித் திருநாளிலும் வெடி வெடிப்பதில்லை. அரசு அவ்விடத்தைப் புகலிடமாக அறிவிக்குமுன்பே அவ்வூரார் பறவைகளைப் போற்றி வந்தனர். முதியோர் வகுத்த ஒழுக்கத்தை இளையோர் தலைமேற்கொண்டனர். வானம் தமக்கு மட்டும் உரியதன்று என்பதை அவ்வூர்ச் சிறுவனும் அறிவான்.

வெடியின் ஓசைக்கு ஒழுக்கம் வகுக்க இயன்ற மக்கள், வானூர்தியின் ஓசைக்கும் ஒழுக்கம் வகுக்க வல்லவரே. ஊரில் முதன்முதலாக ஒரு வானூர்தி பறக்கும்போது, அதன் நோக்கத்தையும் நேரத்தையும் ஊரறியச் சொல்லுதல் வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் அதனை எல்லோர் முன்னும் வைத்து, அது காண்பது இன்னது, காணாதது இன்னது என்று திரையில் காட்டுதல் நன்று. முற்றங்களுக்கும் நீராடு துறைகளுக்கும் மேலாகப் பறக்கவிடுதல் இல்லை என்று உறுதி கூறுதல் வேண்டும். எடுத்த படம் யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதையும் தெரிவித்தல் வேண்டும். கூலி இழப்போர் குறையைக் கேட்டு, அவர்களுள் விரும்புவோர்க்குப் பயிற்சி அளித்தல் வேண்டும். இவ்வாறு செய்தால் ஐயம் நீங்கும். நீங்காத ஐயம் எஞ்சுமாயின், அது கேட்கத்தக்க ஐயமாகவே இருக்கும்.

இளைஞரிடம் கைத்திறன் உண்டு. நடுவயதினரிடம் கணக்கு உண்டு. முதியோரிடம் நினைவு உண்டு. கைத்திறன் மட்டும் இருந்தால் பொறி எங்கும் பறக்கும். கணக்கு மட்டும் இருந்தால் ஊதியம் வரும் பக்கமே பறக்கும். நினைவு மட்டும் இருந்தால் அது தரையைவிட்டு எழாது. மூன்றும் கூடிய ஊரில்தான் அது வேண்டிய நேரத்தில் எழுந்து, வேண்டிய இடத்திற்குச் சென்று, வேண்டாத இடத்தினின்று விலகி நிற்கும்.

ஆகவே மாணவர்களே, நாளை உங்கள் கையில் ஒரு வானூர்தி வருமாயின், அதனை எழுப்புமுன் உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவரை அருகில் அழைத்து அதன் இயல்பை விளக்குங்கள். அவர் கேட்கும் வினாக்களுக்குப் பொறுமையோடு விடை கூறுங்கள். 'இது யாருக்குப் பயன்படும்? யாருக்கு இடையூறாகும்?' என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை கூற இயலாதவர் அதனைத் தரையிலேயே வைத்திருத்தல் நன்று. விடை கூற வல்லவரின் ஊர்தியை ஊரார் தாமே அண்ணாந்து பார்த்து வாழ்த்துவர்.